மைனாவின் பொந்தும் கொக்கின் காலும்

மஞ்சணத்திக் காட்டில் ஒரு மைனா இருந்தாள். பெயர் பொன்னலகி. வயிற்றில் முட்டை இருந்தது. இடுவதற்குத்தான் பொந்து இல்லை.

மைனாக்கள் மரப்பொந்தில்தான் குடியிருக்கும். பொந்தைக் குடையவும் அவற்றுக்குத் தெரியாது. யாரோ குடைந்த பொந்தில் நாலு வைக்கோலைத் திணித்துவிட்டு, "வீடு எப்படி?" என்று கேட்பதோடு அவற்றின் கட்டட வேலை முடிந்துவிடும்.

போன வருஷமும் பொன்னலகிக்குப் பொந்து கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு வேலமரத்துக் கிளைக்கவட்டில் நாலு முட்டை இட்டாள். மூன்றாம் நாள் காற்றடித்தது. நாலும் கீழே விழுந்து உடைந்தன. அன்று முழுவதும் அவள் மரத்தடியில் நின்று அழுதாள். அந்தக் கவட்டை இன்றைக்கும் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

"இன்னும் பத்து நாள்தாங்க இருக்கு. பொந்து கிடைக்காம நான் முட்டை போட மாட்டேன்!" என்றாள் புருஷனிடம்.

"அது உன் கையிலயா இருக்கு?" என்றான் மணிவாயன். நன்றாகப் பேசத் தெரிந்த மைனா அவன். எப்போது பேசக்கூடாது என்பது மட்டும் தெரியாது.

இருவரும் தரகர் ஓணானைத் தேடிப் போனார்கள். ஓணானுக்கு அந்தத் தொழில் பிறவியிலேயே அமைந்தது. விற்பவர் பேசினாலும் தலையாட்டுவார், வாங்குபவர் பேசினாலும் தலையாட்டுவார். இரண்டு பேருமே 'இவர் நம்ம ஆள்' என்று நினைத்துக்கொள்வார்கள்.

"தரகரே, குளத்துப் பக்கமா ஒரு பொந்து வேணும்."

"இருக்கே!" ஓணான் தலையாட்டினார்.

"மழைத்தண்ணி உள்ள வரக்கூடாது."

"வரவே வராது!" தலையாட்டினார்.

"விலை கம்மியா இருக்கணும்."

ஓணானின் தலை அப்படியே நின்றுவிட்டது. அது நின்றதைக் காட்டில் யாரும் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

"குளத்துக்கரை மருதமரத்துல ஒரு பொந்து இருக்கு. நாப்பது அத்திப்பழம்," என்றார் மெதுவாக.

அந்தக் காட்டில் எதை வாங்கினாலும் அத்திப்பழத்தில்தான் விலை.

"நாப்பதா! ரெண்டு வருஷத்துக்கு முந்தி நாலு பழம்தானே வித்துச்சு?"

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி நானே ஒரு விரல் நீளம்தான்மா இருந்தேன். எல்லாம் வளரத்தானே செய்யும்? விலை கம்மியா வேணும்னா மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பனைமரப் பொந்து இருக்கு. பத்தே பழம்."

"பத்தா? அதுல என்ன கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்ல. இரை தேட இங்க வரணும்னா அரை நாள் பறக்கணும். அடி மரத்துல நல்லபாம்பு ஒருத்தர் குடியிருக்காரு. ரொம்ப அமைதியானவரு! சத்தமே போடமாட்டாரு!"

பொன்னலகி மணிவாயனைப் பார்த்தாள். மணிவாயன் மருதமரத்தைப் பார்த்தான். அந்த மருதமரப் பொந்து மரகதம் என்கிற கிளியுடையது. மரகதத்திடம் மொத்தம் ஏழு பொந்துகள் இருந்தன. ஒன்றில் தான் இருந்தாள். ஆறு காலி.

பொன்னலகி நேராக அவளிடமே போய்க் கேட்டாள். "மரகதக்கா, ஆறு பொந்து சும்மாதானே கெடக்கு? ஒண்ணைக் கொஞ்சம் குறைச்சுக் கொடுங்களேன். வயித்துப்பிள்ளைக்காரி கேக்குறேன்."

"சும்மாவா கெடக்கு?" மரகதம் கழுத்தைத் திருப்பினாள். "விலை ஏறிக்கிட்டில்ல இருக்கு!"

பின்னாலேயே வந்த ஓணான் சமாதானம் செய்தார். "முழுசும் இப்பவே வேணாம்மா. தினம் ஒரு பழம் வட்டியோட கட்டுங்க. ஏழே வருஷத்துல முடிஞ்சுடும்."

"மைனா ஏழு வருஷம் உயிரோட இருக்குமா?" என்றான் மணிவாயன்.

"அதுக்கென்ன? மீதியைக் குஞ்சுங்க கட்டும்!" என்று தலையாட்டினார் ஓணான்.

வட்டி வேண்டாம், பாடுபட்டே சேர்ப்போம் என்று இருவரும் இறங்கினார்கள். விடிந்தது முதல் பொழுது சாயும்வரை அத்திமரத்துக்கும் வேலமரத்துக்கும் பறந்தார்கள். மைனாவின் அலகில் ஒரு தடவைக்கு ஒரு பழம்தான் வரும். அதிலும் மணிவாயனுக்குப் பாதி வழியில் பசித்துவிடும். எப்படியோ மூன்று நாளில் முப்பது பழம் சேர்ந்தது. எண்ணிப் பார்த்தபோது முதல் நாள் வைத்த பத்தும் அழுகிப்போயிருந்தன.

"புழுவோட சேத்துக் கொடுத்தா கூடுதல் விலை கிடைக்காதா?" என்றான் மணிவாயன்.

"கிளி புழு திங்காது! நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க!"

மூன்று நாளைக்கு ஒரு முறை, காலையில், குளத்தங்கரையில் காட்டுச் சபை கூடும். தலைவர் மயில். தலைவருக்குத் தோகை இருந்ததால் தலைவரானார், வேறு காரணம் யாருக்கும் நினைவில்லை. அந்தத் தோகையோடு எந்தப் பொந்துக்குள்ளும் நுழைய முடியாது. அதனால் பொந்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் அதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்.

அன்றைய சபையில் அவர் தோகையை விரித்துக்கொண்டு அறிவித்தார்.

"வீடில்லாத குடும்பங்களை நினைச்சு எனக்கு மூணு நாளாத் தூக்கமில்ல! ஆகவே, பொது அத்திமரத்துலேருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருபது பழம் இலவசம்!"

சபை அதிர்ந்தது. அணில்கள் வாலைச் சுழற்றின. பொன்னலகி மணிவாயனைக் கட்டிக்கொண்டாள். கையில் இருபது, இலவசம் இருபது. நாற்பது!

இருபதையும் வாங்கிய கையோடு ஓணானிடம் பறந்தாள். "தரகரே! நாப்பது தயார்! பொந்தைக் காட்டுங்க!"

"அறுபதும்மா," என்றார் ஓணான்.

"மூணு நாளைக்கு முந்தி நாப்பதுன்னீங்களே!"

"மூணு நாளைக்கு முந்தி உங்ககிட்ட இவ்வளவு இல்லையே! இப்போ எல்லார்கிட்டயும் இருபது கூடுதலா இருக்கு. பொந்து மட்டும் அதே எண்ணிக்கைதான். நான் என்னம்மா செய்ய?"

சபை கொடுத்த இருபது பழமும் பொன்னலகியின் அலகைத் தொட்டுவிட்டு அப்படியே மரகதத்தின் வாசலுக்குப் போகப் பார்த்தது. மரகதம் மருதமரக் கிளையில் உட்கார்ந்து, இனி வரப்போகிற பழங்களை நினைத்து முன்கூட்டியே ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தாள்.

பொன்னலகிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. எங்கே போகிறோம் என்று தெரியாமல் பறந்தாள். காட்டின் மூலையில் 'டக்... ஐயோ! டக்... ஐயோ!' என்று ஒரு சத்தம் கேட்டது. கொண்டையன் என்கிற மரங்கொத்தி பச்சைத் தேக்கில் கொத்திக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு தரம் அலகைப் பிடித்துக்கொண்டு துள்ளினான்.

"என்னண்ணே செய்றீங்க?"

"பொந்து குடையறேன் தங்கச்சி. மூணு மாசமா. பாரு, எவ்வளவு ஆழம்!"

பொன்னலகி பார்த்தாள். ஒரு பட்டாணி உட்காரலாம்.

"பச்சை மரத்தை ஏண்ணே கொத்துறீங்க? பட்டமரம்னா மெத்துனு இருக்குமே!"

"பட்டமரம் எங்க இருக்கு?" கொண்டையன் சீறினான். "ரெண்டு வருஷமாச்சு, 'பட்டமரம் காட்டுக்கு அழகில்ல'ன்னு உங்க தலைவர் சட்டம் போட்டு. ஒரு மரம் பட்டா போதும், மறுநாளே யானையை விட்டுத் தள்ளிடறாரு. பத்தொம்பது மரம்! ஒவ்வொண்ணுலயும் நாலு பொந்து குடைஞ்சிருப்பேன்!"

"ஒரு பொந்துக்கு எவ்வளவு கூலிண்ணே வாங்குவீங்க?"

"ஒரு வாய் எறும்பு முட்டை."

பொன்னலகிக்குத் தலை சுற்றியது. ஒரு வாய் எறும்பு முட்டையில் முடிகிற வேலைக்கு அறுபது அத்திப்பழம்! பழம் போதவில்லை என்று அவள் நாலு நாளாக இறக்கை ஒடியப் பறந்திருக்கிறாள். போதாமல் இருந்தது பொந்து!

அடுத்த சபையில் அவள் எழுந்தாள். "தலைவரே! பழம் வேணாம். பட்டமரத்தை விட்டுவையுங்க. அது போதும்!"

"பட்டமரமா?" மயில் முகத்தைச் சுளித்தார். "பாக்க நல்லாவா இருக்கு? வெளிக்காட்டு மயிலுங்க வந்தா என்ன நினைக்கும்?"

"வெளிக்காட்டு மயில் முட்டை போடவா வருது? நான்தான் போடணும்! போன வருஷம் நாலு முட்டை கவட்டுலேருந்து விழுந்துச்சு. நீங்க யாராவது வந்து பாத்தீங்களா?"

பக்கத்தில் நின்ற யானை தும்பிக்கையைத் தூக்கினார். "தலைவரே, எனக்கும் இடுப்பு வலி. மரம் தள்ளித் தள்ளி முடியல."

"சரி, ஓட்டுக்கு விடறேன்!" என்றார் மயில்.

அந்தச் சபையின் ஓட்டு முறையைச் சொல்லியாக வேண்டும். தலைவர் கேள்வி கேட்பார். சம்மதம் என்பவர்கள் ஒரு காலைத் தூக்க வேண்டும். மொத்தம் இருபத்தொரு ஓட்டு, பதினொரு கால் தூக்கினால் வெற்றி. ஓணானுக்கு மட்டும் ஓட்டு கிடையாது. அவர் எதற்கும் தலையாட்டுவார், நம்ப முடியாது.

"பட்டமரத்தை விட்டுவைக்கலாமா? சம்மதம்னா காலைத் தூக்குங்க!"

வீடில்லாத மைனாக்கள் தூக்கினார்கள். ஆந்தைகள் தூக்கின. கொண்டையன் தூக்கினான். யானை வலியோடு தூக்கினார். பொந்து வைத்திருந்தவர்கள் எல்லாம் இரண்டு காலையும் தரையில் அழுத்தமாக ஊன்றிக்கொண்டார்கள். மரகதம் அலகையும் சேர்த்து ஊன்றினாள்.

மயில் எண்ணினார். "எட்டு... ஒம்பது... பத்து..."

பொன்னலகி தூக்கிய கால்களைத் தானும் எண்ணினாள். ஒன்று குறைகிறது!

"...குளத்துல கொக்கு. பதினொண்ணு! தீர்மானம் நிறைவேறியது!"

குளத்தின் நடுவில் கொக்கு ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. கண் மூடியிருந்தது. லேசாகக் குறட்டையும் கேட்டது. சபை தொடங்கிய காலத்திலிருந்தே அது அப்படித்தான் நிற்கிறது. சட்டத்தில் காலைத் தூக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, விழித்திருக்க வேண்டும் என்று இல்லை.

அதன்பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. குளத்தோரம் அப்போதுதான் பட்டுப்போய் நின்ற இலவமரத்தை யானை தொடவில்லை. கொண்டையன் மூன்றே நாளில் பொந்து குடைந்து கொடுத்தான். பொன்னலகி ஒரு வாய் எறும்பு முட்டையைக் கூலியாகக் கொடுத்தாள். பத்தாம் நாள் காலையில் வைக்கோல் மெத்தையில் நாலு முட்டைகள் இருந்தன. அன்று மாலை பெருங்காற்று அடித்தது. பொன்னலகி உள்ளே முட்டைமேல் உட்கார்ந்து காற்றின் சத்தத்தைக் கேட்டாள். அவளுக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் வந்துவிட்டது.

நாலு குஞ்சும் பொரிந்தன. மூத்தவள் அரும்பு.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் பொன்னலகிக்கு வீடு வந்துவிட்டதே! வீடு வந்தபின் மூளை எங்கே சும்மா இருக்கும்?

முதலில் சத்தம் பிடிக்கவில்லை. "இந்தக் கொண்டையன் காலையிலேருந்து டொக்கு டொக்குன்னு! குழந்தைங்க தூங்க வேணாமா?" என்றாள். கொண்டையன் அதே இலவமரத்தில் மேலே இன்னும் மூன்று பொந்து குடைந்துகொண்டிருந்தான்.

பிறகு அண்டைவீட்டார் பிடிக்கவில்லை. "மாடியில ஆந்தைக் குடும்பம் வந்திருக்குங்க. ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கு, பகலெல்லாம் தூங்குது. நல்ல குடும்பமா இது?"

"நம்மகூட அன்னைக்குக் காலைத் தூக்கினவங்கதானே?" என்றான் மணிவாயன்.

"அது வேற!"

ஒருநாள் மரகதம் வந்து வாசல் கிளையில் உட்கார்ந்தாள். காடெங்கும் புதுப் பொந்துகள் வந்ததால் அவளுடைய ஆறு பொந்துகளையும் வாங்க ஆளில்லை. ஒல்லியாகிவிட்டிருந்தாள்.

"பொன்னலகி, உனக்கு விஷயம் தெரியுமா? உன் பொந்து இப்போ அஞ்சு பழம்கூடப் போகாதாம்."

"என்னது! குளத்தங்கரைப் பொந்தா?"

"பின்ன? தெருவுக்குத் தெரு பொந்து வந்தா விலை எப்படி நிக்கும்? நீ எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கின வீடு!"

"ஆமாக்கா," என்று பொன்னலகி பெருமூச்சு விட்டாள். "எவ்வளவு கஷ்டப்பட்டேன்!"

ஒரு வாய் எறும்பு முட்டைக்கு வாங்கியதை அதற்குள் அவள் மறந்திருந்தாள். அன்று முழுவதும் அஞ்சு, அஞ்சு என்று முனகிக்கொண்டே இருந்தாள். மாலையில் ஒரு முடிவுக்கு வந்தாள்.

"மறுபடி பட்டமரத்தைத் தள்ளச் சொல்லணும். பொந்து இருக்கிற மரத்தை விட்டுட்டு, மத்ததை மட்டும்."

மணிவாயன் திகைத்தான். "ஏம்மா, போன மாசம் நாமளே சபையில அழுதோமே!"

"காடு நிறைஞ்சுபோச்சுங்க. இனிமே வர்றவங்க வேற இடம் பாக்கட்டும்."

"ஓட்டு கிடைக்காது பொன்னு. இப்போ பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம்."

பொன்னலகி சிரித்தாள். "கொக்கு எந்தப் பக்கம்?"

அவள் கெட்டிக்காரி. அதில் சந்தேகமில்லை. அன்றைக்கு ஜெயித்தது தன் பேச்சால் இல்லை, கேள்வி கேட்கப்பட்ட விதத்தால் என்பதை அவள் மட்டும்தான் புரிந்துவைத்திருந்தாள். எந்தக் கேள்வி கேட்டாலும் கொக்கின் கால் மேலேதான் இருக்கும். ஆக, கேள்வியை யார் முதலில் சொல்கிறார்களோ அவர்களுக்கே கொக்கு!

அடுத்த சபையில் அவளே முந்திக்கொண்டு எழுந்தாள். "தலைவரே, நீங்க சொன்னதுதான் சரி. பட்டமரம் காட்டுக்கு அழகில்ல. பொந்து இல்லாத பட்டமரங்களை மறுபடி தள்ளலாமான்னு கேளுங்க!"

மயிலுக்குத் தோகை தானாக விரிந்தது. "பாத்தீங்களா! இந்த மைனாவுக்குத்தான் ரசனை இருக்கு! தள்ளலாமா? சம்மதம்னா காலைத் தூக்குங்க!"

பொன்னலகி தூக்கினாள். மரகதம் இரண்டு காலையும் தூக்கப் பார்த்துக் குப்புற விழுந்து, பிறகு ஒன்றைத் தூக்கினாள். எண்ணிக்கை பத்து. கொக்கோடு பதினொன்று.

"அம்மா, நாங்க எங்க போவோம்?" என்று ஓர் இளம் மைனா ஜோடி கேட்டது.

"பாடுபட்டுச் சேருங்க," என்றாள் பொன்னலகி. "நாங்க சேக்கலையா?"

கொண்டையன் பச்சைத் தேக்கைத் தேடிப் போய்விட்டான். யானை இடுப்பைத் தடவிக்கொண்டு மரம் தள்ளப் போனார். மணிவாயன் அன்று காலைத் தூக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதற்காகத் திட்டு வாங்கினான்.

விலை ஏறியது. முப்பது, ஐம்பது, எண்பது. காலையில் எழுந்ததும் பொன்னலகி குஞ்சுகளுக்கு இரை கொடுக்கிறாளோ இல்லையோ, ஓணானைக் கூப்பிட்டுக் கேட்பாள். "தரகரே! நம்ம பொந்து இன்னைக்கு என்ன விலை?"

"எண்பதும்மா!"

அவள் உள்ளே போய் வைக்கோலைத் தடவிப் பார்ப்பாள். நேற்று இருந்த அதே வைக்கோல்தான். ஆனாலும் இன்றைக்கு மெத்தென்று இருந்தது.

மறு வருஷம் வந்தது. பறந்து போயிருந்த அரும்பு, தன் புருஷனோடு திரும்பி வந்தாள். வயிறு கனத்திருந்தது.

"அம்மா, எனக்கு முட்டை வந்துடுச்சு. அஞ்சே நாள்தான் இருக்கு. ஒரு பொந்து பாத்துக் கொடும்மா."

"இதென்ன பெரிய விஷயம்!" என்றாள் பொன்னலகி. அவளுக்கும் அப்போது வயிற்றில் முட்டை இருந்தது. ஆனாலும் மகளுக்காக ஓணானிடம் பறந்தாள்.

"எண்பது பழம்மா," என்றார் ஓணான்.

"எண்பதா! சின்னஞ்சிறுசுங்க எப்படிக் கொடுக்கும்?"

"நீங்கதானே தினமும் கேட்டுச் சந்தோஷப்பட்டீங்க? அதே எண்பதுதான்!"

பொன்னலகி கொஞ்சம் யோசித்துத் துள்ளினாள். "எங்க பொந்தே எண்பது போகுதே! அதை வித்து அவளுக்கு ஒண்ணு வாங்கிடறேன்!"

"தாராளமா!" ஓணான் தலையாட்டினார். "எண்பதுக்கு வித்தா எண்பதுக்கு ஒரு பொந்து வாங்கலாம். அதுல மகள் இருப்பா. நீங்க எங்க இருப்பீங்க?"

பொன்னலகி கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு வருஷமாக எண்பது பழத்துக்குச் சொந்தக்காரியாக இருந்திருக்கிறாள். அதில் ஒரு பழத்தைக்கூட அவளால் தின்ன முடிந்ததில்லை, இப்போது மகளுக்குக் கொடுக்கவும் முடியவில்லை.

கொண்டையனிடம் ஓடினாள். அலகு நிறைய எறும்பு முட்டை கொண்டுபோனாள்.

"அண்ணே! என் மகளுக்கு ஒரே ஒரு பொந்து!"

கொண்டையன் எறும்பு முட்டையைப் பார்த்தான். எச்சில் ஊறியது. "நாளைக்கே ஆரம்பிக்கிறேன் தங்கச்சி. மரத்தைக் காட்டு."

பொன்னலகி சுற்றிலும் பார்த்தாள். காடு பச்சைப்பசேலென்று அழகாக இருந்தது. ஒரு பட்டமரம் இல்லை.

சபை கூடியது. பொன்னலகி எழுந்திருக்கக் காலை அசைப்பதற்குள் மரகதம் குரல் கொடுத்துவிட்டாள்.

"தலைவரே! பட்டமரத்தைத் தள்ற சட்டம் இப்படியே தொடரலாமான்னு கேளுங்க!"

ஒரு வருஷத்தில் மரகதமும் பாடம் படித்திருந்தாள். பொன்னலகிதான் சொல்லிக் கொடுத்தவள்.

"தொடரலாமா? சம்மதம்னா காலைத் தூக்குங்க!" மயில் எண்ணினார். "ஒம்பது... பத்து... கொக்கு பதினொண்ணு! தொடரும்!"

"அநியாயம்!" பொன்னலகி கத்தினாள். "கொக்கு தூங்குது! குறட்டை விடுது, கேளுங்க!"

மயில் அவளைப் பார்த்தார். "போன தடவை உனக்கு ஓட்டுப் போட்டப்போ முழிச்சிருந்துச்சா?"

பொன்னலகி உட்கார்ந்துவிட்டாள். போன வருஷம் விரட்டப்பட்ட இளம் மைனா ஜோடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. தாங்க முடியாத வெட்கம்.

ஐந்தாம் நாள் அரும்புக்கு வலி எடுத்தது. பொந்தில் ஒரு ஜோடிக்குத்தான் இடம். பொன்னலகி மகளையும் மருமகனையும் உள்ளே விட்டாள். வைக்கோலைச் சரிசெய்து கொடுத்தாள். பிறகு மணிவாயனோடு வெளியே வந்தாள். அவளுக்கும் நேரம் வந்துவிட்டது. போவதற்கு இருந்தது ஒரே இடம்தான்.

அதே வேலமரம். அதே கிளைக்கவடு.

நாலு முட்டைகள் இட்டாள். மாலையில் வானம் கறுத்தது. காற்று கிளம்பியது. மணிவாயன் ஒரு பக்கம் இறக்கையை விரித்து மறைத்துக்கொண்டான். எப்போதும் பேசுகிறவன் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. பொன்னலகி இரண்டு கால்களாலும் முட்டைகளை அணைத்துப் பிடித்துக்கொண்டு, கிளை ஆடும்போதெல்லாம் தானும் ஆடினாள்.

ஓணான் அடிமரத்தில் ஏறி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா! நல்ல சேதி! உங்க பொந்து இன்னைக்கு நூறு பழம்! காட்டிலேயே பெரிய பணக்காரி நீங்கதான்!"

பொன்னலகி முட்டைகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"இன்னொரு சேதி. யானைக்கு இடுப்பு சுத்தமா முடியலையாம். அதனால பட்டமரத்தை விட்டுவைக்கலாமான்னு நாளைக் காலையில அந்தச் சின்ன மைனா ஜோடி முந்திக்கிட்டுக் கேக்கப்போகுதாம். ஆனா கொக்கு மீன் தேடி வேற குளத்துக்குப் போயிடுச்சு. கொக்கு இல்லாம, மனசு மாறி வந்த ஒரு அணிலையும் உங்களையும் சேத்தே அவங்க பக்கம் பத்துப் பேர்தான். மணிவாயனும் வந்து தூக்கினாத்தான் பதினொண்ணு. ரெண்டு பேரும் வந்து ஆளுக்கு ஒரு காலைத் தூக்குவீங்களா?"

பொன்னலகி மணிவாயனைப் பார்த்தாள். அவன் இறக்கையை எடுத்தால் காற்று உள்ளே வரும். பிறகு தன் கால்களைப் பார்த்தாள். இடது காலில் இரண்டு முட்டை, வலது காலில் இரண்டு முட்டை. காற்று இன்னும் பலமாக அடித்தது.

எந்தக் காலைத் தூக்குவாள்?

தங்களுக்கு வீடு கிடைத்ததும் பின்னால் வருகிறவர்களுக்கு வழியை அடைப்பவர்கள், கடைசியில் தங்கள் பிள்ளைகளையும் தங்களையும்தான் வெளியே நிறுத்திக்கொள்கிறார்கள்.